இங்கிலாந்துக் கிராமத்தில் கன்சர்வேஷன் ஏரியாவுக்குள் (பழைய தோற்றம் கெடாமல் காக்கப்படும் பகுதி) பழைய வீடு வாங்கினால் ஆணி அடிக்கக்கூட அனுமதி வேண்டுமாமே, உண்மையா?

ஆணிக்கெல்லாம் யாரும் வரமாட்டார்கள். வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போய், அப்புறம் யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். முதலில் அந்த வீடு வெறுமனே கன்சர்வேஷன் ஏரியாவில் இருக்கிறதா, இல்லை அதுவே லிஸ்டட் கட்டடமா, அதாவது பாதுகாக்க வேண்டியது என்று அரசுப் பட்டியலில் ஏறியதா என்று பாருங்கள். ஏரியா மட்டும் என்றால் வெளித்தோற்றம், இடிப்பது, மரம் வெட்டுவது இவற்றில்தான் கெடுபிடி. மரத்துக்கு ஆறு வாரம் முன்பே உள்ளூர் கவுன்சிலுக்கு (உள்ளாட்சி மன்றம்) எழுத வேண்டும். லிஸ்டட் என்றால் உள்ளே இருக்கும் மாடிப்படி வரை சேர்த்தி. அனுமதியில்லாமல் மாற்றுவது குற்றம். முன்னவர் செய்ததைச் சரிசெய்யச் சொல்லி உங்களுக்கும் நோட்டீஸ் வரலாம், அதற்குக் காலக்கெடு கிடையாது.

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் இருக்கும் எங்கள் வீடு லிஸ்டட்தான், அதில் கிரேட் டூ என்ற தரம். வாங்கும்போதே முன்னறைச் சுவரில் ஓயாத ஈரம். எங்களுக்கு முன் இருந்தவர் யாரையும் கேட்காமல் கல் இடுக்குகளில் சிமென்ட் பூசியிருந்தார். அங்கே எல்லாம் சுண்ணாம்புக் கல். குடித்த மழைத் தண்ணீர் இடுக்கு வழியாகத்தான் வெளியேறி ஆவியாகும். சிமென்ட் அதை அடைத்துவிட்டதால் கல் மேல்பக்கம் உரிந்து, விரல் பட்டாலே பொடியாக உதிர்ந்தது. கவுன்சிலின் கன்சர்வேஷன் ஆபீசர் வந்து சுவரைத் தடவிப் பார்த்ததுமே காரணத்தைச் சொல்லிவிட்டார். கொத்தனார் சின்ன உளியால் சிமென்ட்டைச் சுரண்டி எடுத்து, சுண்ணாம்புச் சாந்து வைத்து, சீக்கிரம் காய்ந்துவிடக் கூடாதென்று நனைத்த சாக்கைத் தொங்கவிட்டார். அடுத்த குளிர்காலத்தில் ஈரம் இல்லை. அந்த வீட்டைக் கெடுத்தது விதியை மீறியவர்தான்.

"காசு இருக்கிறவர் பேச்சு" என்று கீழே யாராவது எழுதுவார்கள். நாங்களும் மாதச் சம்பளக்காரர்கள்தான். கவுன்சிலுக்குக் கவுன்சில் அணுகுமுறை மாறும், இழுத்தடிப்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தெரு கெடாமல் இருப்பதால்தானே உங்களுக்கும் அங்கே வாங்க ஆசை வந்தது?

என் கோபமெல்லாம் வரி மேல். வயலில் புது வீடு கட்டினால் வாட் (மதிப்புக் கூட்டு வரி) சுழியம். இருக்கிற பழைய சுவரைப் பழுதுபார்த்தால் 20 சதவீதம். லிஸ்டட் கட்டடத்தில் அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்கு இருந்த சலுகையையும் 2012-இல் எடுத்துவிட்டார்கள். கட்டடத்தைக் காப்பாற்று என்று சட்டம் போட்டுவிட்டு, காப்பாற்றுகிறவரிடமே பிடுங்குவது அநியாயம். கொத்தனார் தொகை சொன்னால் வாட் சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.