கோணிப்போன ரெசின் பாகங்களை நிமிர்த்துவது: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: 1/72 அளவு மாடல் விமானம் ஒன்றின் ரெசின் (அச்சில் வார்த்த பிசின்) இறக்கை வாழைப்பழம் மாதிரி வளைந்து வந்திருக்கிறது. கொதிக்கிற தண்ணீரில் போடலாமா?

பதில்: கொதிக்க வேண்டாம், 60 முதல் 70 டிகிரி போதும். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள், அச்சிலிருந்து கழற்றப் பூசிய எண்ணெய் ஒட்டியிருக்கும், அது போகாமல் பெயின்டும் நிற்காது. அப்புறம் இறக்கை முழுவதையும் முக்குங்கள். வளைந்த இடத்தை மட்டும் முக்கினால் சூடான பகுதியும் ஆறிய பகுதியும் சேரும் இடத்தில் ஒரு மடிப்பு விழுந்துவிடும், அந்த மடிப்பை எடுக்க நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உப்புத்தாள் தேய்த்திருக்கிறேன். ஒன்றிரண்டு நிமிடத்தில் ரப்பர் போல இளகும். கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து மெல்ல நிமிர்த்தி, பிடித்த பிடியை விடாமல் குளிர்ந்த தண்ணீருக்குள் கொண்டுபோங்கள். இளகாதபோது அழுத்தினால் படக்கென்று முறியும்.

கேள்வி: அப்படித்தான் செய்தேன், மறுநாள் காலையில் பழையபடி வளைந்து நிற்கிறதே?

பதில்: உடற்பகுதியோடு சேரும் பக்கம் தடிமனாக இருக்கும், அங்கே உள்வரை சூடு போயிருக்காது. இல்லையென்றால் முழுசாக ஆறுவதற்குள் கையை எடுத்திருப்பீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு மயிரிழை கூடுதலாகவே வளைத்து ஆறவிடுங்கள். நான் ஒரு நாள் சும்மா வைத்துப் பார்த்த பிறகுதான் ஒட்டுவேன். நீள இறக்கை என்றால் உள்ளே பித்தளைக் கம்பி செருகி சூப்பர் க்ளூ போட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் பசை ரெசினில் பிடிக்காது.

கேள்வி: ஸ்பிட்ஃபயர் (இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானம்) மாடலின் இறக்கை லேசாக முறுக்கியிருக்கிறது, தட்டையாக்கிவிடவா?

பதில்: பொறுங்கள்! நிஜ விமானத்துக்கே முறுக்கு உண்டு, உடற்பகுதியோடு சேரும் இடத்தில் 2 டிகிரி மேல்நோக்கி, முனையில் அரை டிகிரி கீழ்நோக்கி. இரண்டு இறக்கையும் ஒரே அளவு, முனையின் முன்விளிம்பு சற்றுத் தாழ்ந்திருந்தால் கையே வைக்காதீர்கள். ஒன்று மட்டும் வேறுபட்டால்தான் கோணல்.

கேள்வி: தண்ணீருக்குப் பதில் ஹேர் டிரையர்?

பதில்: பெரிய உடற்பகுதிக்குச் சரி. புரொபெல்லர் இதழ், பிட்டோ குழாய் (வேகம் அளக்கும் மெல்லிய குழாய்) போன்ற மெலிந்தவற்றுக்கு வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் சூடேறிச் சுருண்டுவிடும்.

கேள்வி: 3டி பிரிண்ட் ரெசின் பாகமும் இப்படித்தானா?

பதில்: வெந்நீருக்கு இளகும், ஆனால் புறஊதா ஒளியில் அளவுக்கு மேல் இறுகியிருந்தால் நொறுங்கும். நீங்களே அச்சடிப்பவர் என்றால் கடைசியாக ஒளியில் வைப்பதற்கு முன்பே நிமிர்த்திவிடுவது நல்லது.

கேள்வி: கிட்டோடு வந்த வாக்வம் கேனோபி (மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் உருவாக்கிய விமானி அறைக் கண்ணாடி மூடி)?

பதில்: வெந்நீர் பக்கமே போகக்கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: வளைந்த லேண்டிங் கியரின் ரெசின் காலை (சக்கரத்தைத் தாங்கும் கால்) நிமிர்த்திவிட்டேன், எடை தாங்குமா?

பதில்: இன்றைக்குத் தாங்கும், சில மாதத்தில் மெல்ல மெல்ல மடங்கும். வெயில் படும் அலமாரி என்றால் இன்னும் சீக்கிரம். அந்தக் காலை அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பித்தளைக் கம்பியில் புதிதாகச் செய்துவிடுங்கள். என் குண்டுவீச்சு விமானம் ஒன்று இப்போதும் நொண்டிக்கொண்டுதான் நிற்கிறது.