பி.சி.ஆர். ‘நெகட்டிவ்’, ஆனால் கோழி தினமும் சாகிறது: என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் டாக்டர். கொழிஞ்சாம்பாறை பக்கம் தென்னந்தோப்புக்குள் 400 நாட்டுக்கோழி வளர்க்கிறேன். ஒன்றரை வாரமாக ராத்திரியில் கொட்டகைக்குள் போனால் ஒரே கொர்கொர் சத்தம். சில கோழிக்கு முகம் வீங்கி, கண்ணில் நுரை கட்டுகிறது. முட்டை பாதியாகிவிட்டது, தினம் ஒன்றிரண்டு சாகிறது. ரொம்ப மோசமாக இருந்த 4 கோழிகளைப் பிடித்து, மரக்குச்சியில் பஞ்சு சுற்றித் தொண்டையிலும் பின்பக்கமும் தடவி ஒரே குப்பியில் போட்டேன். வீட்டு ஃப்ரீசரில் இரண்டு நாள் இருந்தது, பிறகு பஸ்ஸில் லேபுக்குக் கொடுத்துவிட்டேன். ராணிக்கெட், ஐபி (மூச்சுக்குழல் அழற்சி வைரஸ் நோய்) இரண்டுமே நெகட்டிவாம். இந்த டெஸ்டை நம்பலாமா, இல்லை பணம் தண்டமா?

பதில்: டெஸ்டை நம்பலாம். நீங்கள் அனுப்பிய குப்பியைத்தான் நம்ப முடியவில்லை.

ஆர்.டி.-பி.சி.ஆர். வைரஸின் மரபணுத் துணுக்கைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கும். வழக்கமாக 40 சுற்று. அதனால் கொஞ்சூண்டு இருந்தாலும் பிடித்துவிடும். ஆனால் அந்தக் கொஞ்சூண்டு கெடாமல் குப்பிக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அது வழியிலேயே தொலைந்திருக்க நிறைய வாய்ப்பு.

முதலில், எந்தக் கோழி. ரொம்ப மோசமானதைப் பிடித்தேன் என்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஐபி வைரஸ் மூச்சுக்குழலில் மண்டிக் கிடப்பது முதல் ஒரு வாரம்தான். அதன்பின் தொண்டையில் குறைந்து, சிறுநீரகத்திலும் குடல்பையை ஒட்டிய சுரப்பியிலும் போய் வாரக்கணக்கில் தங்கும். பத்து நாள் இழுத்துக்கொண்டு கிடக்கும் கோழியில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பாக்டீரியாவின் வேலை. இன்றைக்குத்தான் தும்ம ஆரம்பித்து, இன்னும் தீவனம் கொத்திக்கொண்டிருக்கும் கோழியைத் தேடிப் பிடியுங்கள்.

எத்தனை கோழி என்பதும் முக்கியம். பண்ணையில் 20% கோழிகளின் தொண்டையில்தான் வைரஸ் இருக்கிறது என்று வையுங்கள். கைக்கு வந்த 4 கோழியும் வைரஸ் இல்லாததாக அமைய 100-க்கு 41 வாய்ப்பு. 14 கோழியில் எடுத்தால் தப்பும் வாய்ப்பு 5%-க்குக் கீழே போகும். 10% கோழிகளில்தான் இருக்கிறது என்றால் 29 கோழி வேண்டும். உங்களுக்கு, புதிதாகச் சீக்கு கண்டதில் 15 போதும்.

குச்சிக்கு வருவோம். மரத்திலிருந்து கசியும் பொருட்கள் பி.சி.ஆர். நொதியை முடக்கும். பிளாஸ்டிக் தண்டில் பாலியெஸ்டர் அல்லது நைலான் நுனி உள்ளதை மிருகாசுபத்திரியில் கேளுங்கள். மாதிரியையும் அங்குள்ள டாக்டரே எடுப்பது நல்லது. நீங்கள் கோழியைப் பிடித்துக்கொடுங்கள். அலகைத் திறந்து நாக்கை லேசாக முன்னால் இழுத்தால், அதன் வேர்ப்பக்கம் சின்னத் துளை ஒன்று மூச்சுக்கு மூச்சு திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழல் வாய். அது திறக்கும்போது குச்சியை உள்ளே விட்டு, சுவரில் படும்படி இரண்டு சுற்று சுற்ற வேண்டும். மேலண்ணத்துப் பிளவிலும் ஒரு தடவல். சளி ஒட்டியிருக்க வேண்டும். தீவனமும் ரத்தமும் ஒட்டியிருந்தால் வேறு குச்சி.

பின்பக்கத்துக் குச்சியைத் தொண்டைக் குச்சியோடு சேர்த்ததுதான் பெரிய வினை. எச்சத்திலுள்ள பித்த உப்பு போன்றவை நொதியைத் தடுக்கும். குடம் பாலில் துளி விஷம் மாதிரி, தொண்டைச் சளியில் வைரஸ் இருந்தும் வீணாகிவிடும். இரண்டுக்கும் தனித்தனிக் குப்பி. தொண்டைக் குச்சிகளை மட்டும் குப்பிக்கு 3 முதல் 5 வரை சேர்க்கலாம், செலவு மிச்சம். ஐந்தில் ஒன்றில்தான் வைரஸ் என்றால், கலப்பினால் சிடி, அதாவது வைரஸ் தென்படத் தொடங்கும் சுற்றின் எண், சுமார் 2.3 சுற்று தள்ளிப் போகும். (கோவிட் புண்ணியத்தில் சிடி என்றால் என்னவென்று இப்போது ஊருக்கே தெரியும்: எண் குறைந்தால் வைரஸ் அதிகம், 3.3 சுற்று வித்தியாசம் என்றால் பத்து மடங்கு.) புதுச் சீக்கில் இந்தத் தள்ளல் பொருட்டில்லை. பழைய சீக்கில் 36-ல் வரவேண்டியது 38-க்குப் போய், லேபின் வரம்பைத் தாண்டி நெகட்டிவ் ஆகிவிடும்.

ஃப்ரீசர் கூடவே கூடாது. வீட்டு ஃப்ரீசரில் மெதுவாக உறைந்து, பஸ்ஸில் உருகினால் வைரஸ் உடைந்து ஆர்.என்.ஏ. சிதைந்துபோகும். பக்கத்தில் சமையலுக்கு மீனும் இருந்திருக்கும், அது வேறு ஆபத்து. லேப் தரும் மீடியத்தில் (மாதிரி கெடாமல் காக்கும் திரவம்) குச்சியை முக்கி, ஐஸ் பாக்கெட் வைத்த பெட்டியில் 4 டிகிரி அளவில், அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள். மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிக்குக் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் கொடுத்துவிடலாம்.

லேபில் மூன்று கேள்வி கேளுங்கள். உள்கட்டுப்பாடு, அதாவது டெஸ்ட் சரியாக ஓடியதா என்று காட்டக் கூடவே வைக்கும் சோதனை, வேலை செய்ததா? அது வராவிட்டால் அந்த முடிவு செல்லாது, நெகட்டிவ் ஆகாது. அப்போது, மாதிரியிலிருந்து பிரித்த மரபணுச் சாற்றைப் பத்து மடங்கு நீர்த்து, தடுக்கும் பொருளைக் குறைத்துத் திரும்ப ஓட்டச் சொல்லலாம். சிடி எவ்வளவு? எந்தெந்த நோய்க்குப் பார்த்தீர்கள்? கண்ணில் நுரை என்றதும் எனக்கு மைக்கோபிளாஸ்மா சந்தேகம் வருகிறது. முகவீக்கத்தோடு நாற்றமும் இருந்தால் கொரைசா. இரண்டும் பாக்டீரியா வகை, வைரஸ் டெஸ்டில் எப்படி வரும்? முட்டை குறைந்ததற்கு எச்9என்2 என்ற மிதமான பறவைக்காய்ச்சல் வகையையும் பார்க்கச் சொல்லுங்கள். லசோட்டா (ராணிக்கெட் தடுப்பூசி) போட்ட தேதியை எழுதிக் கொடுக்க மறக்காதீர்கள். தடுப்பூசி வைரஸே சில வாரம் பாசிட்டிவ் காட்டும்.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். முட்டையை உடைத்துத் தட்டில் ஊற்றுங்கள். வெள்ளைக்கரு தண்ணியாக ஓடி, ஓடும் சொரசொரப்பாகவோ கோணலாகவோ இருந்தால் ஐபி சந்தேகம் வலுக்கிறது. அந்தக் கட்டத்தில் பி.சி.ஆரை மட்டும் பிடித்துத் தொங்க வேண்டாம்: அதே கோழிகளில் இப்போது ஒரு தரம், மூன்று வாரம் கழித்து ஒரு தரம் ரத்தம் எடுத்து எலைசா (எதிர்ப்பொருளை அளக்கும் டெஸ்ட்) பார்த்தால், எதிர்ப்பொருள் ஏறியிருப்பதே நோயைக் காட்டிக்கொடுக்கும்.

திடீரென்று கூட்டமாகச் செத்தாலோ, கொண்டை நீலம் பாய்ந்தாலோ எதையும் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், உடனே மிருகாசுபத்திரிக்குச் சொல்லுங்கள். ஆலப்புழையில் 2014, 2021, 2024-ல் வாத்துகளுக்கு வந்த பறவைக்காய்ச்சல் தெரியுமல்லவா? அந்த மாதிரிகளுக்கு போபாலில் உள்ள தேசிய ஆய்வகம்தான் முடிவு சொல்லும்.

மருந்துக்கடையில் கொடுத்த ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கலந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பாக்டீரியா டெஸ்டை அது கெடுக்கும். மாதிரி எடுத்த அன்று சாயங்காலமே அவர் எழுதும் மருந்தைத் தொடங்கலாம். மருந்து ஓடும் நாளிலும், அவர் சொல்லும் கெடு முடியும்வரையிலும் முட்டையைச் சந்தைக்கு அனுப்பாதீர்கள்.