கணினி மலைகள் ஏன் கோணலாகின்றன? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ரெண்டரில், அதாவது முப்பரிமாண மாதிரியிலிருந்து கணினி வரைந்து தரும் படத்தில், மலை சரியாக வரவில்லை என்றதும் பலர் முதலில் கை வைப்பது சாம்பிள் எண்ணிக்கையில்தான் (ஒரு பிக்சலுக்கு எத்தனை ஒளிக்கதிர் எய்வது என்ற அமைப்பு). அதைக் கூட்டினால் புள்ளி புள்ளியான இரைச்சல் குறையும், அவ்வளவே. படிக்கட்டு, பள்ளம், நீட்சி எதுவும் அதற்கு அசையாது. கோளாறு உயரத் தரவில் பிறந்ததா, மெஷ்ஷிலா (உருவத்தைத் தாங்கும் முக்கோண வலை), டெக்ஸ்ச்சரிலா (அதன்மேல் போர்த்தும் படம்), சேமித்த கோப்பிலா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இங்குள்ள கேள்விகள் எல்லாம் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளின் சைக்கிள்ஸ் ரெண்டரைப் பயன்படுத்துவோருடையவை.

கே: நீலகிரியின் உயரப்படத்தை (உயரத்தைச் சாம்பல் நிற அளவாகக் காட்டும் படம்) வைத்து நிலப்பரப்பு செய்தேன். சரிவெல்லாம் நெல்வயல் அடுக்கு போலப் படிப்படியாக வருகிறது. மெஷ்ஷை நுணுக்கமாக வெட்டும் சப்டிவிஷனைக் கூட்டியும் போகவில்லை.

ப: உங்கள் உயரப்படம் 8 பிட் கோப்பு. அதில் 256 சாம்பல் அளவுகள்தான் உண்டு. சமவெளியை 300 மீட்டர் என்றும் தொட்டபெட்டாவை 2,637 மீட்டர் என்றும் கொண்டால், ஒவ்வொரு படியும் 9 மீட்டருக்குச் சற்று அதிகம். சப்டிவிஷனைக் கூட்டக் கூட்ட அந்தப் படிகள் இன்னும் துல்லியமாகத் தெரியுமே தவிர மறையாது. அதே வீச்சு 16 பிட்டில் 65,536 அளவுகளாகப் பிரியும். படி 4 சென்டிமீட்டருக்கும் கீழே போய்விடும்.

8 பிட் கோப்பை 16 பிட்டாக மாற்றிச் சேமிப்பதால் மட்டும் இழந்த அளவுகள் திரும்பாது. மூலத் தரவிலிருந்து 16 பிட் பிஎன்ஜி அல்லது 32 பிட் இஎக்ஸ்ஆர் ஆக மறுபடி எடுங்கள். மூலமே கையில் இல்லை என்றால், கிம்ப் என்ற பட மென்பொருளில் படத்தை முதலில் 32 பிட்டுக்கு மாற்றி, பிறகு 2 அல்லது 3 பிக்சல் காசியன் பிளர் (மங்கலாக்கம்) கொடுங்கள். வரிசை முக்கியம்: 8 பிட்டிலேயே பிளர் செய்தால் மறுபடியும் படிகள்தான் கிடைக்கும்.

கூடவே இன்னொன்றையும் பாருங்கள். படத்தை ஏற்றும் இமேஜ் டெக்ஸ்ச்சர் நோடில் கலர் ஸ்பேஸ் 'நான்-கலர்' என்று இருக்க வேண்டும். 'எஸ்ஆர்ஜிபி' என்றே விட்டால் 0.5 என்ற மதிப்பு 0.214 ஆகப் படிக்கப்படும். பாதி உயரத்தில் இருக்க வேண்டிய இடம் ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கு இறங்கி, அடிவாரம் தட்டையாகவும் சிகரம் ஊசியாகவும் நிற்கும். உயரப்படத்துக்கு ஏற்ப மெஷ்ஷைத் தூக்கும் டிஸ்பிளேஸ்மென்ட் நோடில் மிட்லெவல் 0. ஒரு அலகு ஒரு மீட்டர் என்றால் ஸ்கேல் 2337 (2,637-லிருந்து 300-ஐக் கழித்தது).

கே: நாசாவின் எஸ்ஆர்டிஎம் என்ற ரேடார் உயரத் தரவில் சில இடங்களில் அடி காணாத கிணறு போல விழுகிறது. மற்ற மலையெல்லாம் கிட்டத்தட்டத் தட்டை.

ப: இரண்டுக்கும் காரணம் ஒன்றே. செங்குத்துச் சரிவுகளில் ரேடார் படாத இடங்களை அந்தத் தரவு -32768 என்று குறிக்கும். அதைத் தாழ்ந்த உயரம் என்று எண்ணிச் சாம்பல் அளவுகளாகப் பிரித்ததால் உங்கள் மலை முழுவதும் வீச்சின் மேல்முனையில் ஒரு சிறு பகுதிக்குள் நசுங்கிவிட்டது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் -32768-ஐ 'நோடேட்டா' என்று அறிவித்து, 'ஃபில் நோடேட்டா' கருவியால் நிரப்பி, அதன்பின் சாம்பல் அளவுகளாகப் பிரியுங்கள்.

கே: டார்ஜிலிங்கிலிருந்து தெரியும் கஞ்சன்ஜங்காவைச் செய்தேன். புகைப்படத்தோடு ஒப்பிட்டால் மலை அகலமாகவும், முன்மலைகளுக்கு மேல் அதிகமாக எழும்பியும் இருக்கிறது. லென்ஸ் கோளாறா?

ப: லென்ஸின் மேல் பழியில்லை. அகலத்துக்குக் காரணம், தரவு பாகை அளவில் இருப்பது. 27 பாகை அட்சத்தில் ஒரு பாகை தீர்க்கம், ஒரு பாகை அட்சத்தின் நீளத்தில் 0.89 பங்குதான். பிக்சலைச் சதுரமாகக் கொண்டால் கிழக்கு மேற்காக 12 சதவீதம் விரியும். நீங்கள் வடக்கு நோக்கிப் பார்ப்பதால் அந்த விரிவு முழுவதும் கண்ணில் படுகிறது. பாகைக்குப் பதில் மீட்டரில் இடத்தைக் குறிக்கும் யுடிஎம் முறையின் 45 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள்.

உயரத்துக்குக் காரணம் பூமியின் வளைவு. உங்கள் மெஷ் தட்டை, பூமி அப்படியில்லை. சிகரம் ஏறத்தாழ 74 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தத் தொலைவில் வளைவால் ஏற்படும் இறக்கம் 430 மீட்டர். காற்றின் ஒளிவிலகல் கொஞ்சம் தூக்கிக் கொடுப்பதால் நிகரம் சுமார் 370 மீட்டர். ஜியோமெட்ரி நோட்ஸில் ஒவ்வொரு புள்ளிக்கும் கேமராவிலிருந்து கிடைத்தொலைவைக் கண்டு, அதன் வர்க்கத்தை 1,46,46,000-ஆல் வகுத்து, வரும் மீட்டரை உயரத்தில் கழித்தால் போதும். 10 கிலோமீட்டருக்குள் அடங்கும் காட்சிக்கு இது தேவையில்லை. தொலைதூர மலைத்தொடருக்கு இதை விடவே கூடாது.

ஒரு எச்சரிக்கை. யுடிஎம் எண்களை அப்படியே பிளெண்டரில் வைத்துவிடாதீர்கள். அங்கே வடக்கு மதிப்பு 30 லட்சம் மீட்டர் வாக்கில் இருக்கும். 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணால் அந்த அளவில் 25 சென்டிமீட்டருக்கும் குறைவான வித்தியாசத்தைச் சொல்ல முடியாது. அருகிலுள்ள பாறைகள் நடுங்கும், நிழலில் கோடுகள் விழும். காட்சியின் நடுவை 0, 0-க்கு நகர்த்திவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

கே: செங்குத்துப் பாறையில் டெக்ஸ்ச்சர் மெழுகு உருகியதுபோல் நீண்டு வழிகிறது.

ப: காரணம், மேலிருந்து நேராகப் போர்த்திய யுவி (டெக்ஸ்ச்சரை மெஷ்ஷில் பொருத்தும் முறை). 60 பாகைச் சரிவில் அது 2 மடங்கு, 80 பாகையில் கிட்டத்தட்ட 6 மடங்கு நீளும். இமேஜ் டெக்ஸ்ச்சரில் 'ஃபிளாட்' என்பதை 'பாக்ஸ்' ஆக்கி, பிளெண்ட் 0.3 கொடுத்து, ஆப்ஜெக்ட் ஆயத்தொலைவைச் செருகுங்கள்.

கே: நிலைப்படம் அருமை. அசைவூட்டத்தில் மலை கொதிப்பதுபோல் துடிக்கிறது.

ப: டிநாய்ஸை (இரைச்சல் நீக்கத்தை) அணைத்து அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களை ரெண்டர் செய்து, மாற்றி மாற்றிப் பாருங்கள். இரைச்சலை மறந்துவிட்டு மலையின் விளிம்புக்கோட்டைக் கவனியுங்கள். அது துள்ளினால் குற்றவாளி அடாப்டிவ் சப்டிவிஷன்: கேமரா நகரும்போதெல்லாம் மெஷ்ஷைப் புதிதாக வெட்டுகிறது. எங்கே எவ்வளவு நுணுக்கமாக வெட்டுவது என்று தீர்மானிக்கும் டைசிங் கேமராவாக அசையாத ஒரு கேமராவைக் கொடுங்கள். நெடுந்தூரம் பறக்கும் காட்சி என்றால் மாறாத அடர்த்தியுள்ள மெஷ்ஷே நல்லது. விளிம்பு அசையாமல் இருக்க, டிநாய்ஸைத் திரும்பப் போட்டதும் மேற்பரப்பு மட்டும் கொதித்தால், ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாக ஊகிக்கும் டிநாய்ஸர்தான் காரணம். சாம்பிளைக் கூட்ட வேண்டிய இடம் இதுதான். ஆல்பிடோ (பரப்பின் நிறம்), நார்மல் (பரப்பு நோக்கும் திசை) இரண்டையும் டிநாய்ஸருக்குக் கொடுங்கள்; பாறையின் நுண்மை வழித்தெடுத்ததுபோல் ஆகாது.

கே: மாலை வெயில் காட்சியில், சரிவில் ரம்பப் பல் போலக் கறுப்பு நிழல்.

ப: வழவழப்பாகக் காட்டும் ஷேடிங்குக்கும், உள்ளே தட்டையாக இருக்கும் முக்கோணங்களுக்கும் நடக்கும் மோதல் அது. சூரியன் தாழத் தாழ வெளிப்படும். கேமராவுக்கு அருகிலுள்ள சரிவில் மெஷ்ஷை நெருக்குங்கள். நினைவகம் இடம் தரவில்லை என்றால், ஆப்ஜெக்ட் பண்புகளில் ஷேடோ டெர்மினேட்டரின் (வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் எல்லை) ஜியோமெட்ரி ஆஃப்செட்டை 0.1-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். அதிகமானால் நிழலுக்குள் வெளிச்சம் கசியும். பல் மறைந்த உடனே நிறுத்துங்கள்.