வெயிலைப் பார்த்து விரியும் குடைகள்

கேள்வி: அபுதாபியில் வேலை. அல் பஹர் கோபுரங்களைத் தினமும் பஸ்ஸில் கடக்கிறேன். காலையில் கிழக்குப் பக்கம் விரிந்திருக்கும் முக்கோணங்கள் மாலையில் மடங்கிக் கிடக்கின்றன. அழகுக்காகத்தானா?

பதில்: இல்லை, வெயிலுக்காக. 2012-இல் கட்டி முடித்த அந்த இரட்டைக் கோபுரங்கள் ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட முக்கோணக் குடைகள், கண்ணாடிச் சுவரிலிருந்து சுமார் 2 மீட்டர் தள்ளித் தனிச் சட்டத்தில் நிற்கின்றன. வெயில் படும் பக்கம் மோட்டார் அவற்றை விரிக்கும், வெயில் நகர்ந்ததும் மடக்கும். வடக்குப் பக்கம் வெயில் குறைவு என்பதால் அங்கே குடையே கிடையாது, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். அரபு வீடுகளின் மரச் சல்லடை ஜன்னலான மஷ்ரபியாவிலிருந்து வந்த யோசனை. உள்ளே இறங்கும் வெயில் சூடு பாதிக்கு மேல் குறையும் என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு.

கேள்வி: இவ்வளவு மோட்டார் இருந்தால் பழுதாகாதா?

பதில்: ஆகும். பாரிஸில் அரபு உலக நிறுவனத்துக்குக் கட்டிடக் கலைஞர் ழான் நூவெல் 1987-இல் செய்த தெற்கு முகப்பில் 240 சதுரங்கள், கேமரா கண்போலச் சுருங்கி விரியும் உலோக இதழ்கள். அற்புதமான வேலைப்பாடு, ஆனால் இதழ்கள் நுணுக்கமானவை, நிறைய மாட்டிக்கொண்டு நின்றுவிட்டன, 2017 வாக்கில்தான் புதுப்பித்தார்கள். அதனால் யார் அசையும் முகப்பு வரைந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, ஒரு துண்டு நின்றுபோனால் அதை மட்டும் கழற்றி மாட்ட ஆள் எப்படிப் போய்ச் சேருவார் என்பதுதான்.

கேள்வி: திருச்சியில் மேற்குப் பார்த்த வீடு. பெரிய கண்ணாடி ஜன்னல், கெட்டித் திரை போட்டும் சாயங்காலம் அறை கொதிக்கிறது. எங்களுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா?

பதில்: திரை உள்ளே இருக்கிறது, அதுதான் சிக்கல். வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் திரை சூடாகி அந்தச் சூட்டை அறைக்குள்ளேதான் விடும். மறைப்பு வெளியே வர வேண்டும். சன்ஷேடை நீட்டியும் பெரிய பலன் இருக்காது, மேற்கு வெயில் தாழ்வாக நேரே உள்ளே வரும். மூங்கில் தட்டி வாங்கி ஜன்னலுக்கு வெளியே ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கள், இடையில் காற்று ஓடட்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு இறக்கி, பொழுது சாய்ந்ததும் சுருட்டிவிட்டால் அபுதாபி குடை செய்கிற வேலையையே செய்யும். அப்புறம், கீழ் ஓரத்தைக் கொக்கியில் மாட்டுங்கள், ஆடிக் காற்றில் அடித்துக்கொள்ளும். கயிறு வெயிலில் இற்றுப்போகும், அவ்வப்போது மாற்றுங்கள்.