கோப்பு இருக்கிறது, மாட்யூல் இல்லையாம்!

கேள்வி: லினக்ஸ் டெஸ்க்டாப்பில் இருந்தபடியே ஒரு 32 பிட் ஏ.ஆர்.எம். கைக்கருவிக்குப் பைத்தானை கிராஸ் கம்பைல் செய்தேன் (ஒரு கணினியில் இருந்துகொண்டு வேறு வகைக் கணினிக்குக் கட்டுவது). கருவியில் நன்றாக ஓடுகிறது. நான் சி-யில் எழுதிய மாட்யூல்தான் தகராறு. கம்பைல் செய்யும்போது 'லாங் பிட் வரையறை தவறு' என்று எர்ரர் வந்தது. பைத்தானின் ஹெடர் கோப்பில் அந்த எர்ரரைத் தரும் வரியை நீக்கியதும் பில்ட் முடிந்தது. ஆனால் கருவியில் இம்போர்ட் செய்தால், அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்கிறது. கோப்போ கண்ணெதிரே இருக்கிறது! பெயரை மாற்றிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். முதல் வேலையாக, நீக்கிய வரியைத் திரும்பப் போடுங்கள். இப்படிப்பட்ட நேரத்தில் தடுத்து நிறுத்தத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள்.

எந்தக் கம்பைலர் என்று சொல்லும் சிசி மாறியில் ஏ.ஆர்.எம். கம்பைலரைக் கொடுத்துவிட்டு, செட்டப் ஸ்கிரிப்டை டெஸ்க்டாப் பைத்தானில் ஓட்டியிருப்பீர்கள். அதனால் கம்பைலர் மட்டும் மாறியது, வேறு எதுவும் மாறவில்லை. ஸ்கிரிப்டை ஓட்டும் பைத்தான் தன்னுடைய கணினி விவரங்கள் உள்ள பைகான்ஃபிக் ஹெடரைத்தான் எடுத்துக் கொடுக்கும். அதில் லாங் என்ற முழு எண் வகை 8 பைட் என்று எழுதியிருக்கும், உங்கள் கருவியிலோ அது 4 பைட். எர்ரர் சொன்னது இதைத்தான். அதை அமுக்கிவிட்டால் மாட்யூல் ஒருவேளை ஏறிவிடும், கணக்கு எங்கோ தப்பும், என்றைக்கோ ஒருநாள் காரணமே தெரியாமல் கிராஷ் ஆகும். அதைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கோப்பின் பெயரையும் அதே டெஸ்க்டாப் பைத்தான்தான் வைத்திருக்கிறது. பெயரின் கடைசியில் வரும் எஸ்ஓ-வுக்கு முன்னால் 'எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னு' என்று இருக்கிறதா, பாருங்கள். கருவியின் பைத்தான் தனக்குரிய பின்னொட்டு, பல பைத்தான் பதிப்புகளுக்கும் பொதுவான ஏபிஐ3, வெறும் எஸ்ஓ, இவற்றைத் தவிர எதையும் ஏறெடுத்துப் பார்க்காது. இம்போர்ட்லிப் மெஷினரியில் உள்ள எக்ஸ்டென்ஷன் சஃபிக்ஸஸ் பட்டியலைக் கருவியிலேயே அச்சிட்டால் இது தெரிந்துவிடும்.

சரி, வழி என்ன? கிராஸ்என்வ் என்ற பைத்தான் தொகுப்பு. கருவிக்குக் கட்டிய பைத்தான், அதே பதிப்பில் டெஸ்க்டாப்புக்கு ஒரு பைத்தான், இரண்டையும் இதற்குக் காட்டுங்கள். பைத்தான் 3.11 முதல் கிராஸ் கம்பைலுக்கே டெஸ்க்டாப் பைத்தான் கட்டாயம் என்பதால், அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கக்கூடும். கிராஸ்என்வ் அமைக்கும் சூழலில் ஓடுவது டெஸ்க்டாப் பைத்தான். ஆனால் லாங் எத்தனை பைட், பின்னொட்டு என்ன என்று கேட்டால் கருவியின் விவரத்தைச் சொல்லும். மாட்யூலை அங்கே புதிதாகக் கட்டுங்கள். அப்புறம் ஃபைல் கட்டளையைக் கொடுத்து, 32 பிட், ஏ.ஆர்.எம். என்று வருகிறதா என ஒருமுறை பார்த்துவிட்டுக் கருவிக்கு அனுப்புங்கள்.

கேள்வி: கைக்கருவிக்குக் கட்டிய பைத்தானை ஆண்ட்ராய்டு போனிலும் போடலாமா?

பதில்: முடியாது. கெர்னல் லினக்ஸ்தான் என்றாலும் ஆண்ட்ராய்டின் சி லைப்ரரி பயோனிக். நீங்கள் கட்டியது வழக்கமான லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி-யை நம்பியிருக்கிறது. ஆண்ட்ராய்டுக்கான கம்பைலர் தொகுப்பான என்டிகே வைத்துத் தனியாகத்தான் கட்ட வேண்டும். 2024-ல் வந்த 3.13 முதல் பைத்தானே ஆண்ட்ராய்டை அதிகாரபூர்வமாக ஆதரிக்கிறது. சோர்ஸில் ஆண்ட்ராய்டு என்ற கோப்புறையில் அதற்கான ஸ்கிரிப்டும் இருக்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எல், எஸ்க்யூலைட் போன்றவற்றை அதுவே இறக்கிக்கொள்ளும் என்பதால் பாதி வேலை மிச்சம். ஆனால் அந்த ஆதரவு 64 பிட்டுக்கு மட்டும்தான், போன் எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.