தொழிற்சாலை ஆய்வகத்திலிருந்து வகுப்பறைக்கு: ஓர் இயற்பியல் ஆசிரியையிடம் கேள்விகள்

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு தொழிற்சாலையின் அளவீட்டு ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். இந்தப் பக்கம் எப்படி வந்தேன், இப்போது வரலாமா என்றெல்லாம் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சின்ன வயதிலிருந்தே டீச்சர் ஆக வேண்டும் என்ற ஆசை இருந்ததா?

இல்லை. அப்பா லாரி ஓட்டினார், அம்மா தைத்தார். குடும்பத்தில் ஆசிரியர் என்று யாரும் கிடையாது. எனக்குப் பிடித்தது கருவிகள். எதையாவது அளந்துகொண்டே இருக்கலாம் என்பதற்காகத்தான் இயற்பியல் படித்தேன், அதே காரணத்துக்காகத்தான் அந்த வேலையிலும் சேர்ந்தேன். "புனிதப் பணி" என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான். புனிதம் என்று சொல்லிவிட்டால், சம்பளம் கேட்காதே, லீவு கேட்காதே என்பதும் பின்னாலேயே வந்துவிடுகிறது.

கேள்வி: அப்புறம் எப்படி மாறினீர்கள்? எது திருப்பிவிட்டது?

ஆய்வகத்தில் என் வேலை, உற்பத்திப் பிரிவிலிருந்து வரும் வெர்னியர் அளவி, திருகு அளவி மாதிரி நீளம், தடிமன் அளக்கும் நுண்கருவிகள் எல்லாம் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்ப்பது. புதிதாகச் சேரும் பயிற்சியாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் தலையில் விழுந்தது. அதில் ஒரு பையன். சூத்திரம் எல்லாம் மனப்பாடம், ஆனால் சுழிப்பிழையை, அதாவது எதையும் வைக்காதபோதே கருவி காட்டும் தப்பான அளவை, கூட்டுவதா கழிப்பதா என்பதில் மட்டும் ஒவ்வொரு முறையும் தடுமாறுவான். விதியை எத்தனை தடவை சொன்னாலும் மறுநாள் மாற்றிப் போட்டிருப்பான்.

ஒருநாள் திருகு அளவியில் எதையும் வைக்காமல் மூடச் சொன்னேன். "உள்ளே ஒன்றுமே இல்லை. கருவி என்ன சொல்கிறது?" சுழலும் தலைக்கோலில் உள்ள பிரிவுகளைப் பார்த்து, "ஐந்து பிரிவு காட்டுது மேடம்" என்றான். ஒரு பிரிவு 0.01 மில்லிமீட்டர். "ஒன்றுமில்லாததற்கே 0.05 சொல்கிற கருவி, கம்பியை வைத்தால் எவ்வளவு கூட்டிச் சொல்லும்?" சற்று யோசித்துவிட்டுச் சிரித்தான். அதற்குப் பிறகு எதிர்க்குறிப் பிழைக்கு, அதாவது கருவி சுழிக்கும் கீழே காட்டினால், என்ன செய்வது என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, அவனே சொல்லிவிட்டான்.

அந்த வேலையில் கருவிகளைவிடப் பயிற்சியாளர்கள் வரும் நாளைத்தான் எதிர்பார்க்கிறேன் என்பது கொஞ்ச நாளில் புரிந்தது. லட்சியம், கனவு என்று பெரிதாக எதுவும் இல்லை. யாராவது தப்பாகச் சொன்னால், ஏன் அப்படித் தோன்றியது என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு உண்டு. இந்த வேலைக்கு ஆசையைவிட அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: வேலையை விட்டுவிட்டுப் பி.எட். சேர்ந்தபோது வீட்டில் என்ன சொன்னார்கள்?

சம்பளம் குறையும் என்றார்கள். குறைந்தது.

கேள்வி: நான் இயற்பியல் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். பாடம் ஆழமாகத் தெரிந்தால் போதாதா மேடம், தனியாகப் பயிற்சி எதற்கு?

பாடம் தெரியாமல் எந்தப் பயிற்சியும் காப்பாற்றாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் கற்பிக்கத் தேவையான அறிவு வேறு வகை. 1986-இல் லீ ஷுல்மன் என்ற கல்வியியல் அறிஞர் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்: பாடத்தில் எந்த இடத்தில் மாணவர் சறுக்குவார், அங்கே எந்த உதாரணம் எடுபடும் என்பதெல்லாம் பாட அறிவுக்குள் தானாக வந்து உட்காராது.

ஒன்று பாருங்கள். நேர் மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம், எவ்வளவு? என் வகுப்பில் பாதிக்கு மேல் "சுழி" என்பார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் சொல்வார்கள். "இல்லை, 9.8" என்று பலகையில் எழுதிவிட்டால் எல்லோரும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அடுத்த தேர்வில் மறுபடி சுழி. ஏனென்றால் அவர்கள் மனதில் வேகமும் முடுக்கமும் இன்னும் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. அதனால் நான் விடையைச் சொல்வதில்லை. "சரி, வேகமும் சுழி, முடுக்கமும் சுழி. அப்படியானால் அடுத்த கணம் அந்தப் பந்து என்ன செய்யும்?" என்று மட்டும் கேட்பேன். முன் பெஞ்சில் யாராவது "அங்கேயே நிற்கும்" என்பார்கள். உடனே பின்னாலிருந்து ஒரு குரல், "அது எப்படி நிற்கும்?" அங்கிருந்து வகுப்பு தானாக நடக்கும்.

இந்த மாதிரிக் குழப்பங்கள் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். விசை பற்றிய புரிதலைச் சோதிக்க 1992-இல் அமெரிக்காவில் ஒரு வினாத்தாள் வெளிவந்தது. மாணவர்கள் இயல்பாக எப்படித் தப்பாக நினைக்கிறார்களோ அதையே எடுத்துத் தவறான விடைகளாக வைத்திருந்தார்கள். கணக்குகளைச் சரசரவென்று போடுகிற கல்லூரி மாணவர்கள்கூட அதில் திணறினார்கள். உங்கள் ஆய்வு இந்தப் பக்கமும் உங்களை இழுக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பி.எட்.டில் படித்ததில் இன்றைக்கும் கைகொடுப்பது எது?

கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது. 1970களில் மேரி பட் ரோ என்பவர் வகுப்பறைப் பேச்சைப் பதிவுசெய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள். கேட்கச் சுலபம். வகுப்பில் நின்று பாருங்கள், மூன்று விநாடி அமைதி எவ்வளவு நீளம் என்று தெரியும். மற்றபடி பாடத் திட்டம் எழுதும் படிவங்களில் பாதியைத் தூக்கிப் போடலாம் என்பது என் சொந்தக் கருத்து.

கேள்வி: டீச்சர், நான் பத்தாவது படிக்கிறேன். உங்களுக்குப் பசங்க பட்டப்பெயர் வச்சிருக்காங்களா?

உண்டு தம்பி. எனக்கும் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. போய்ப் படி.

கேள்வி: அக்கா, எனக்கு நாற்பது வயதாகிறது, வங்கியில் வேலை. இப்போது மாறுவது புத்திசாலித்தனமா?

வயது விதி, தகுதித் தேர்வு எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். அதை முதலில் விசாரித்துவிடுங்கள். வேலையை விடுவதற்கு முன்னால், தெரிந்த பள்ளியில் அனுமதி வாங்கிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள், முழு நாளும். முதல் பாடவேளையில் எல்லோருமே நல்ல ஆசிரியர்கள்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பாடவேளையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மாலையில் நோட்டுக் கட்டு வீட்டுக்கு வரும், தேர்வு நேரத்தில் விடைத்தாள் கட்டும் வரும். தொண்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள், கத்திப் பழகினால் சீக்கிரமே குரல் போய்விடும். உங்களுக்கு ஒரு வசதி உண்டு: வட்டிக் கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது "இது எதுக்கு சார்?" என்று கேட்டால் பதில் இருக்கும்.

கேள்வி: விட்டுவிடலாம் என்று தோன்றியதே இல்லையா?

தோன்றியது. முதலில் சேர்ந்த பள்ளியில் யார் லீவு போட்டாலும் அந்த வகுப்புக்கு என்னைத்தான் அனுப்புவார்கள். செய்முறை வகுப்பை ரத்து செய்துவிட்டு விழா ஒத்திகைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவார்கள். அந்தப் பள்ளியை விட்டேன், வேலையை விடவில்லை. புதிதாக வருகிறவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அடுத்த வாரம் என் முதல் பயிற்சி வகுப்பு. ஒரே ஒரு யோசனை சொல்லுங்கள் மேடம்.

ஒன்று போதாது, இரண்டு சொல்கிறேன். செய்து காட்டப்போகும் சோதனையை, அதே பள்ளியின் அதே கருவியை வைத்து முன்தினமே செய்து பாருங்கள், பேட்டரி காலியாக இருக்கும். அப்புறம், இருக்கை வரைபடம் ஒன்று போட்டுப் பெயர்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "மூணாவது பெஞ்ச் கண்ணாடி" என்று கூப்பிட்டால் இரண்டு பேர் எழுந்து நிற்பார்கள்.