விறகு பிளக்க கைனெட்டிக் ஸ்ப்ளிட்டர் வாங்கலாமா, ஹைட்ராலிக் வாங்கலாமா?

ஓசூர்ப் பக்கம் தோட்டம் இருக்கிறது, மாதம் நான்கைந்து டன் விறகு பிளக்க வேண்டும், வீடியோவில் பார்த்த கைனெட்டிக் இயந்திரம் இரண்டு நொடியில் கட்டையைப் பிளந்துவிடுகிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் எழுதிய நீங்கள் என்ன மரம் என்று மட்டும் எழுதவில்லை. முதல் வரியில் எழுதியிருக்க வேண்டியதே அதுதான்.

நீங்கள் பெங்களூரில் கம்பெனி வேலை பார்ப்பவர், சனி ஞாயிறுகளில் தோட்டத்துக்கு வருபவர், கோடாலி பிடிக்க ஆள் கிடைக்காமல் அலுத்துப்போனவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் காவேரிப்பட்டணத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில் விறகுத் தொட்டி. அப்பா தொடங்கியது. கல்யாண மண்டபங்கள், பிரியாணிக் கடைகள், பட்டுக்கூடு வேகவைத்து நூல் எடுப்பவர்கள் எல்லோரும் வாங்குகிறார்கள். நான் இன்ஜினியர் இல்லை. ஆனால் இந்த இயந்திரத்தை வாங்கி, உடைத்து, சரிசெய்து, இன்றும் ஓட்டிக்கொண்டிருப்பவன். கீழே சூத்திரம் எழுதிச் சண்டைக்கு வரப்போகிறவர்கள், முதலில் ஒரு புளியங்கட்டையைப் பிளந்துவிட்டு வரலாம்.

அந்தக் காலத்துக் கிணற்றடி ஆயில் இன்ஜினைப் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டில் பெரிய இரும்புச் சக்கரம் இருக்கும். எண்ணெயை நிறுத்திய பிறகும் அது தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே நிற்கும். கைனெட்டிக் இயந்திரத்தின் உயிரும் அந்தச் சக்கரம்தான். சிறிய பெட்ரோல் இன்ஜின் ஒன்று கனமான சக்கரத்தைச் சுழற்றி வைத்திருக்கிறது. கைப்பிடியைத் தள்ளினால், பல் வைத்த நீண்ட இரும்புச் சட்டம் சுற்றிக்கொண்டிருக்கும் பல்சக்கரத்தோடு போய்க் கோத்துக்கொள்கிறது. சக்கரம் சேர்த்து வைத்த வேகம் முழுவதும் ஒரே அடியாகக் கட்டையின் முதுகில் இறங்கி, எதிரே நிற்கும் ஆப்பின் மேல் அதை மோதவிடுகிறது. பிறகு ஸ்பிரிங் சட்டத்தைப் பின்னால் இழுத்துக்கொள்கிறது. போய்வர இரண்டு மூன்று நொடி.

ஹைட்ராலிக் அப்படியில்லை. பம்பு எண்ணெயைத் தள்ள, எண்ணெய் சிலிண்டரைத் தள்ள, மெதுவாக அமுக்கிப் பிளக்கும். ஒருமுறை போய்வரப் பத்துப் பதினைந்து நொடி, சிலவற்றில் அதற்கும் மேல். சம்மட்டியால் ஓங்கி அடிப்பதற்கும் ஜாக்கி வைத்துத் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

இதனால்தான் டன் கணக்கு ஏமாற்றும். ஹைட்ராலிக்கில் டன் என்பது உண்மையான எண். 4 அங்குல சிலிண்டர், சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு அழுத்தம் என்றால் சுமார் 17 டன் வரும், நீங்களே பெருக்கிப் பார்க்கலாம். கைனெட்டிக்கில் அப்படித் தொடர்ந்து அமுக்கும் சக்தியே கிடையாது, அடி மட்டும்தான் உண்டு. ஆகவே அதன் மேல் ஒட்டியிருக்கும் டன் எண் விற்பவர் ஒப்பிட்டுச் சொல்வது. அதைப் பார்த்து வாங்காதீர்கள். சக்கரம் எத்தனை கிலோ, எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, சட்டத்தின் பல் எவ்வளவு தடிமன், உடைந்தால் மாற்றுச் சட்டம் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை நான் கேட்கவில்லை.

என் கதைக்கு வருகிறேன். இயந்திரம் வந்து இறங்கிய வாரம் தொட்டியில் இருந்தது பச்சைத் தைலமரம். நேரான நார், ஒன்றரை அடித் துண்டுகள், வெட்டி நான்கு நாள்கூட ஆகவில்லை. வைத்தேன், தள்ளினேன், இரண்டாகப் பிளந்து விழுந்தது. பக்கத்துத் தோட்டத்தார் எல்லாம் வந்து வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு ஆள் நாள் முழுக்கக் கோடாலியால் பிளப்பதை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்தேன். அப்பா மட்டும் கயிற்றுக் கட்டிலை விட்டு எழுந்து வரவில்லை. எனக்கு உள்ளூர வருத்தம்தான்.

அடுத்து வந்தது புளி. பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் சாலையை அகலப்படுத்தியபோது வெட்டிய மரங்கள். ஏலம் எடுத்தவரிடமிருந்து வாங்கி நெடுநாள் வெயிலில் போட்டிருந்தேன். நன்றாகக் காய்ந்து, நடுவில் வைரம் பாய்ந்து, கருத்துக் கிடந்தன. அதில் ஒரு கவட்டைத் துண்டை, அதாவது கிளை இரண்டாகப் பிரியும் இடத்தை, மேடையில் வைத்துத் தள்ளினேன். டங்கென்று ஒரு சத்தம். சட்டம் போன வேகத்தில் திரும்பி வந்தது. கட்டையில் விரல் நகம் அளவுக்கு ஒரு தழும்பு.

அப்போதுதான் அப்பா எழுந்து வந்தார். கட்டையைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, "கறிக்கடையில் தினம் நூறு வெட்டு வாங்கியும் பிளக்காத மரம் இது. இதை உன் மெஷின் பிளக்கும் என்று யார் சொன்னது?" என்றார்.

யோசித்துப் பாருங்கள். கறி வெட்டும் கட்டைக்குப் புளியைத் தேடிப் பிடித்து வாங்குவதே அது பிளக்காது என்பதற்காகத்தான். அதன் நார் நேராக ஓடாமல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கும். இது என் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வீடியோவில் வெள்ளைக்காரர் ஓக் மரத்தைத் தூள் கிளப்புவதைப் பார்த்ததில் மறந்துபோனேன்.

மறந்ததுகூடப் பரவாயில்லை, ரோஷம் வந்துவிட்டது. அதே கட்டையை ஏழெட்டு முறை அடித்தேன். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஓர் அடி தோற்றால் சக்கரத்தின் வேகம் குறைந்துவிடும். வேகம் பாதியானால் அதில் இருக்கும் ஆற்றல் பாதியாகாது, கால்பங்காகிவிடும். ஆக, அவசரப்பட்டு உடனே அடிக்கும் இரண்டாவது அடி முதலடியைவிட நோஞ்சான். மூன்றாவது அதைவிட மோசம். மரம் நம்மை ஒன்றும் செய்யாது, நாம்தான் இன்ஜினையும் சக்கரத்தையும் இணைக்கும் பெல்ட்டைப் புகைய வைப்போம். புகைந்தது. அதோடு விட்டேனா? வேகம் ஏறும்வரை காத்திருந்து மறுபடி அடித்ததில் சட்டத்தில் மூன்று பல் போய்விட்டது.

விற்றவரைக் கூப்பிட்டால், பல் உடைவது உத்தரவாதத்தில் வராதாம். மாற்றுச் சட்டம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். கடைசியில் கோவையில் ஒரு பட்டறையில் பல் வெட்டி வாங்கி மாட்டினேன். அதுவரை ஐந்து வாரம் கோடாலிதான். அப்பா அந்தக் கவட்டைத் துண்டின் இரண்டு தலையையும் ரம்பத்தால் சீராக அறுத்து, காவேரிப்பட்டணத்தில் ஒரு கறிக்கடைக்குக் கொடுத்துவிட்டார். விறகாக விற்றிருந்தால் வந்திருக்கும் காசைவிடப் பல மடங்கு கிடைத்தது. பணத்தை என்னிடம் கொடுக்கவில்லை.

இயந்திரத்தைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதற்கு மரம் கொடுத்தவன்மேல்தான் தவறு. இப்போதும் என் தொட்டியில் முக்கால்வாசி விறகு இதில்தான் பிளக்கிறது. நான் செய்வது என்னவென்றால், தைலமரத்தைப் பச்சையிலேயே பிளந்துவிடுகிறேன். காயவிட்டால் நார் முறுக்கிக்கொண்டு உயிரை வாங்கும். பிளந்த விறகு சீக்கிரம் காயவும் செய்யும். புளியிலும் வேம்பிலும் நேரான துண்டுகளை மட்டும், அதுவும் ஈரமாக இருக்கும்போதே வைக்கிறேன். பெரிய கட்டையை நடுவில் அடிப்பதில்லை, ஓரத்திலிருந்து பலகை பலகையாக உரித்துக்கொண்டு வருகிறேன். கணுவும் கவட்டையும் தனிக் குவியல். அதற்குப் பழைய சம்மட்டியும் இரும்பு ஆப்பும் இருக்கவே இருக்கின்றன. சீமைக் கருவேலத்தை இதில் வைப்பதே வீண், பெரும்பாலும் கைத்தடிமன்தான் வரும், அறுத்தாலே போதும்.

கட்டையின் இரண்டு தலையும் நேராக அறுபட்டிருக்க வேண்டும். சாய்வாக அறுத்த கட்டை அடி விழுந்ததும் துள்ளும். நாருக்குக் குறுக்காகக் கட்டையை வைக்கக் கூடாது, ஹைட்ராலிக் அதைக்கூட நசுக்கி அறுத்துவிடும், இது அறுக்காது. இன்ஜின் முழு வேகம் பிடித்த பிறகு கைப்பிடியை ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். தயங்கித் தயங்கித் தள்ளினால் பல்லோடு பல் தேய்ந்து கொறிக்கும். மாலையில் சட்டத்தின் பல் இடுக்கில் இருக்கும் சிராயையும் தூளையும் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள்.

மாமரத்தைப் பற்றிச் சொல்லவில்லையே என்று பார்க்கிறீர்களா? மா சுமாராகப் பிளக்கும், சுமாராக எரியும். அதைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன். போன வருடம் நான் பிளந்ததில் பாதி என் சொந்த மாமரம். தாத்தா வைத்த பெங்களூரா ரகம். கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் மாங்கனிக் கண்காட்சி நடத்துகிறார்கள், விதவிதமான மாம்பழத்தை அடுக்கிவைத்துப் பரிசு கொடுக்கிறார்கள், நல்லது. காயை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு கூழ் ஆலை வாசலில் ஒரு ராத்திரி நின்று பார்த்தால்தான் மாவட்டத்தின் பெருமை தெரியும். காலையில் சொன்ன விலை மாலையில் இல்லை. திரும்பக் கொண்டுபோனால் டீசல் காசும் நஷ்டம், காயும் பழுத்துவிடும். அது அவர்களுக்கும் தெரியும். பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தை எண்ணிப் பார்த்தேன், வீட்டுக்கு வாங்கிப் போன பரோட்டாவுக்குச் சரியாக இருந்தது. அடுத்த மாதம் பதினொரு மரத்தை அறுத்தேன். மரம் வெட்டுகிறவன் என்று எனக்குப் பாடம் நடத்த வருகிறவர்கள் அந்த வருடம் எத்தனை கிலோ மாங்காய் வாங்கினீர்கள் என்று சொல்லிவிட்டு நடத்துங்கள். கேஸ் இருக்கும்போது விறகு எதற்கு என்று கேட்பவர்களும் அப்படியே. விறகடுப்பு பிரியாணி என்று பலகை வைத்தால் நீங்கள்தானே வரிசையில் நிற்கிறீர்கள்?

போகட்டும். கை விஷயம் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒருநாள் கட்டை ஆப்பில் பாதி ஏறி நின்றுவிட்டது. மச்சான் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கட்டையை அசைத்து எடுக்கப் போனான். இன்ஜின் நின்றது, சக்கரம் நிற்கவில்லை. நான் முன்பே சொன்ன ஆயில் இன்ஜின் கதைதான். அவன் முழங்கை கைப்பிடியில் பட்டது. அடித்த அடியில் கட்டை விரலின் நகம் போனது. விரல் தப்பியது அவன் அம்மா வேண்டிய தெய்வம். ஆஸ்பத்திரியில் தையல் போடும்போதும், "நிறுத்திவிட்டேன் மாமா, நிறுத்திவிட்டேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

அதனால் என் தொட்டியில் இப்போது ஒரு ஆள்தான் இயந்திரத்தில் நிற்க வேண்டும். ஒருவர் கட்டையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கைப்பிடியைத் தள்ளும் வேலையே கிடையாது. வைத்த கைதான் தள்ள வேண்டும். இரண்டு கையும் கைப்பிடியில் இருந்தால்தான் வேலை செய்யும்படி சில இயந்திரங்கள் வருகின்றன, வேகம் குறைகிறது என்று சிலர் அதைக் கம்பி கட்டி முடக்கிவிடுவார்கள். நீங்கள் செய்யாதீர்கள். கட்டையைப் பக்கவாட்டில் பிடியுங்கள், தலைப்பக்கம் விரல் போகவே கூடாது. சிக்கினால் சக்கரம் அசையாமல் நிற்கும்வரை தள்ளி நின்று ஒரு வாய்த் தண்ணீர் குடியுங்கள்.

இரண்டு நொடியில் மயங்கியிருக்கிறீர்கள் அல்லவா? உண்மையில் நேரம் போவது அதில் இல்லை. இருபது கிலோக் கட்டையைக் குனிந்து தூக்கி மேடையில் வைப்பதிலும், பிளந்ததை எடுத்து அடுக்குவதிலும்தான் போகிறது. எடுத்துக் கொடுக்கவும் அடுக்கவும் ஆள் இருந்தால்தான் கைனெட்டிக்கின் வேகம் காசாகும். தனி ஆளாக, ஞாயிற்றுக்கிழமை மட்டும், தோட்டத்தில் விழுந்த புளியையும் வேம்பையும் காய்ந்த பிறகு பிளக்கப் போகிறீர்கள் என்றால் ஹைட்ராலிக் வாங்குங்கள். எண்ணெய்க் குழாய் கசியும், சீல் மாற்ற வேண்டும், ஆனால் அந்த வேலை தெரிந்தவர்கள் ஓசூரிலேயே கிடைப்பார்கள். ஜேசிபி ஓடுகிற ஊரில் ஹைட்ராலிக் மெக்கானிக்குக்குப் பஞ்சமா? தைலமரம், சவுக்கு, நேரான பச்சைக் கட்டை, மாதம் நான்கைந்து டன், கூட இரண்டு ஆள் என்றால் கைனெட்டிக் வாங்குங்கள், கையோடு ஒரு மாற்றுச் சட்டமும் இரண்டு பெல்ட்டும் வாங்கிவிடுங்கள்.

மோட்டார் வைத்தது வாங்கிக் கிணற்று இணைப்பில் ஓட்டலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். இலவச மின்சாரம் பாசனத்துக்கு மட்டும்தான், பிடித்தால் அபராதம். பெட்ரோல் இன்ஜினே வாங்குங்கள், அடைத்த கொட்டகைக்குள் ஓட்டாதீர்கள், புகை ஆளைச் சாய்த்துவிடும். டிராக்டரில் மாட்டுகிற, சுழன்றுகொண்டே கட்டைக்குள் ஏறிப் பிளக்கும் கூம்புத் திருகு மலிவாக இருக்கிறதே என்று யாராவது எழுதுவார்கள். எழுதுகிறவர் லுங்கி கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றிருக்கிறாரா என்று கேளுங்கள். என் இயந்திரத்தைப் பார்க்க வேண்டுமானால் காலை பத்து மணிக்குள் வாருங்கள். வரும்போது உங்கள் தோட்டத்துக் கட்டை ஒன்றைக் கொண்டுவாருங்கள், கவட்டை வேண்டாம்.